முழு ரோலையும் அனுப்புல

தாஜ்மகாலை நான் ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆக்ராவுக்குப் போனதில்லை. கொடைக்கானல் தூண் பாறையை மேகம் மூடுவதற்கு முன்னும் பார்த்தாகிவிட்டது, மூடிய பின்னும் பார்த்தாகிவிட்டது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதில்லை. எல்லாம் பாளையங்கோட்டையில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கெமிக்கல் வாடைக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவை. 1990இலிருந்து பதினாறு வருடம் ஒரு கலர் லேபில் நான் பிரிண்டிங் ஆபரேட்டர். ஊரில் யார் எங்கே டூர் போனாலும், போட்டோவை அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன்.

அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குப் பொறாமை வந்ததில்லை. கொட்டாவிதான் வந்தது. இன்றைக்கு அறுபது வயதில், தம்பி பாலித் தீவிலிருந்து ஸ்டேட்டஸில் வைத்த உள்ளங்கை அகலப் படம் ஒன்று என்னை ராத்திரி இரண்டு மணிவரை புரட்டிப் போடுகிறது. மனிதன் வயது ஏற ஏறப் பக்குவப்படுவான் என்று சொன்னவர் கையில் போன் இருந்திருக்காது.

லேப் வேலையில் வெளியே தெரிகிற அளவுக்கு மாயம் ஒன்றும் கிடையாது. பிலிம் ரோலை மெஷினில் ஏற்றினால் 37.8 டிகிரி சூட்டில் டெவலப்பருக்குள் மூன்றேகால் நிமிடம் ஓடும். பிறகு பிளீச், பிக்ஸர், கழுவல், உலர்த்தல். மறுபக்கம் ஆரஞ்சு நிறத்தில் நெகட்டிவ் நாக்கை நீட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்துக் கலர் திருத்துவதுதான் என் வேலை. நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். தேயிலைத் தோட்டம் ரோஸ் நிறத்தில் கிடக்கும். கறுத்த முடி வெளுத்திருக்கும். சிரிக்கிறவர்களுக்குப் பல்லெல்லாம் கறுப்பு. சந்தோஷமாக இருக்கிறவர்களைக் கறுப்புப் பல்லோடு பார்த்துப் பழகியவனுக்குப் பொறாமை எங்கிருந்து வரும்?

மெஷினில் மஞ்சள், மெஜந்தா, சயான், டென்சிட்டி என்று நாலு வரிசைப் பட்டன் உண்டு. கவுண்டரிலிருந்து சீட்டு வரும்: "மொகம் கொஞ்சம் வெளுப்பா வரட்டும் அண்ணாச்சி." டென்சிட்டியை ஒரு புள்ளி குறைத்தால் கோவில்பட்டி வெயிலில் காய்ந்த முகம் குன்னூரில் பிறந்து வளர்ந்த முகம் ஆகிவிடும். வானம் வெளிறி இருந்தால் கொஞ்சம் நீலம் கூட்டுவேன். இதையெல்லாம் இப்போது பில்டர் என்கிறார்கள். அன்றைக்கு பில்டர் என்றால் நான்தான். மாதச் சம்பளம் 1,800 ரூபாய்.

மே கடைசியில் ஊட்டியும் கொடைக்கானலும் வந்து குவியும். ஜூலையில் குற்றாலம், சாரலில் நனைந்த கேமராவிலிருந்து எடுத்த ரோல் பிரியாமல் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். 2000 ஜனவரி 1இல் குமரிமுனையில் திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். அந்த மாதம் முழுக்க வள்ளுவர். சிலை 133 அடி. வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திக் கிட்டத்தில் போய் எடுத்தால் வள்ளுவருக்குக் கால் மட்டும்தான் மிஞ்சும். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு அடிக்கு ஒன்று என்று கணக்கு. பொறாமை கூடாது என்று பத்துக் குறளில் சொல்கிற அழுக்காறாமை பதினேழாவது அதிகாரம். அதாவது அது பீடத்துக்குள்ளேயே, போஸ் கொடுக்கிறவர் தலைக்குச் சற்று மேலே, கல்லோடு கல்லாக நிற்கிறது. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. சமீபத்தில் யாரோ வள்ளுவரோடு எடுத்த செல்பியைப் பார்த்து வயிறு எரிந்தபோதுதான் தோன்றியது.

போஸ்கள் மொத்தம் ஏழோ எட்டோதான். தாஜ்மகாலின் உச்சியை இரண்டு விரலால் கிள்ளுவது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையைத் தோளால் முட்டுக்கொடுப்பது. குமரியில் உதிக்கும் சூரியனை உள்ளங்கையில் ஏந்துவது. ஏந்துகிற கை எப்போதும் சூரியனுக்கு ஒரு சாண் தள்ளியே இருக்கும். காஷ்மீர் உடுப்பில் மண்பானையோடு ஒருமுறை. டயானா உட்கார்ந்த பெஞ்சு என்று 1992க்குப் பிறகு தாஜ்மகால் முன்னால் ஒரு போஸ் கூடியது. அவர் தனியாக உட்கார்ந்ததற்காக உலகமே வருத்தப்பட்டது. நம் ஆட்கள் அதே பெஞ்சில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து டிபன் பாக்ஸையும் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு ரோலில் 36. கவனமாகச் சுற்றினால் 37கூட விழும். முழு ரோலையும் வரிசையாகப் பார்ப்பது ஆபரேட்டருக்கு மட்டும் வாய்க்கும். முதல் பிரேம் பாதி வெளுத்திருக்கும். இரண்டாவது, ரயில்வே ஸ்டேஷன், எல்லோரும் பவுடர் கலையாமல். மூன்றாவதில் சிரிக்கிற அம்மா பதினொன்றாவதில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். இடையில் ஏதோ சால்வைக் கடை நடந்திருக்கிறது. இருபதாவதில் பையன் வாந்தி எடுத்துச் சுருண்டு பாட்டி மடியில் கிடப்பான். முப்பதைத் தாண்டினால் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். கடைசி இரண்டும் வீட்டுக்கு வந்த பிறகு, ரோலை முடித்துக் கழுவக் கொடுக்க வேண்டுமே என்று பீரோவையும் நாய்க்குட்டியையும் எடுத்தது.

"நல்லா வந்தத மட்டும் பிரிண்ட் போடுங்க அண்ணாச்சி" என்பார்கள். பிரிண்டுக்குத்தான் காசு. மூடிய கண், அறுந்த தலை, குறுக்கே விழுந்த கட்டைவிரல் எல்லாவற்றையும் நான் கழிப்பேன். ஆனால் கழித்ததைக் கவுண்டரில் அவர்களே வாயால் திருப்பிச் சேர்த்துவிடுவார்கள். கவரைப் பிரித்து அங்கேயே நின்று பார்ப்பார்கள். சலுகையில் குடும்பத்தோடு காஷ்மீர் போய்வந்த அரசு ஊழியர் ஒருவர் படகுவீட்டுப் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "போட்டோ என்னமோ ஜம்முனுதான் இருக்கு. நாலு நாளும் வயித்தால போச்சு அண்ணாச்சி. இந்தப் படகுல கக்கூஸ் எங்கன இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியும்" என்றார். அன்றைக்குப் படம் தனியாக வராது. வாயோடு வரும்.

வீடுகளில் இது இன்னும் மோசம். டூர் போய்வந்தவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் போய்விட்டால் தீர்ந்தது. முதலில் முறுக்கு வரும், பின்னாலேயே ஆல்பம் வரும். கையில் எண்ணெய் இருப்பதால் அவர்தான் புரட்டுவார், அவர் வேகத்தில்தான் புரட்டுவார். "இது யாரு தெரியுதா? எங்ககூட வந்த டிராவல்ஸ் சமையல்காரர். ஹரித்துவாரத்துல இவருக்குக் காய்ச்சல் வந்துட்டு." பார்த்திராத சமையல்காரரின் காய்ச்சலுக்கு நாம் உச்சுக்கொட்ட வேண்டும். அடுத்தவர் டூர் போட்டோ என்றால் ஊரே தலைமறைவானது ஒரு காலம். அந்தக் கொட்டாவி எவ்வளவு பெரிய வரம் என்பது இப்போது தெரிகிறது.

நான் ஏன் எங்கேயும் போகவில்லை? ஊர் டூர் போகிற மாதம் லேபுக்கு சீசன். கல்யாணம் முடிந்த புதிதில் வீட்டுக்காரி மே மாதம் பிறந்ததும், "ஏங்க, இந்த வருசமாவது ஊட்டி?" என்பாள். "சீசன் முடியட்டும்" என்பேன். மே முடிந்தால் குற்றாலம், அது முடிந்தால் ஆவணி முகூர்த்தம், அப்புறம் தீபாவளி, பிறகு சபரிமலை. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டாள் என்பதை நான் கவனிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று.

அதற்காகக் குடும்ப டூர் போட்டோவே எங்களிடம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1970இல் எடுத்த ஒன்று இன்றைக்கும் அம்மா கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, ஆறு வயது நான், அம்மா இடுப்பில் தம்பி. பின்னால் பெரிய ஏரி, பனி மூடிய மலை, இரண்டு அன்னம். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஏரி திரைச்சீலை. இடது ஓரத்தில் மலை சுருங்கி இருக்கும்; அங்கே சீலையில் ஆணி பிடுங்கிக்கொண்டது. போட்டோ எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு வந்து சாம்பார் சோறு சாப்பிட்டோம். யாருக்கும் வயிற்றால் போகவில்லை.

லேப் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டிஜிட்டல் கேமரா வந்தது. 2005இல் அக்ஃபா போட்டோ திவாலானது, 2006இல் கோனிகா மினோல்டா போட்டோத் தொழிலையே விட்டது, அந்த வருடமே எங்கள் முதலாளியும் மெஷினை எடைக்குப் போட்டார். கோடாக் 2012வரை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் லட்சத்துக்கு மேல் ஆள் வைத்திருந்த கம்பெனி. உலகத்தின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் தங்கள் கூடத்திலேயே செய்துவிட்டு, அதை மூடி வைத்துக்கொண்டு பிலிம் விற்றவர்கள். 2012 ஜனவரியில் அது மஞ்சள் கடுதாசி கொடுத்தது. ஏப்ரலில் 13 பேர் வேலைபார்த்த இன்ஸ்டாகிராமை நூறு கோடி டாலருக்கு பேஸ்புக் வாங்கியது. பதிமூன்று பேரில் ஒரு ஆபரேட்டர்கூட இருந்திருக்க மாட்டார். கழிக்கிற வேலையை ஜனங்களே செய்துகொள்கிறார்கள்.

நான் இப்போது சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டில் அம்மா. 86 வயது. ஆறு வருடமாகப் படுக்கை. நாலு வருடமாக ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது. நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து வெளியூரில் ஒரு ராத்திரி தங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒருத்தர் வெளியே போனால் ஒருத்தர் உள்ளே, கடிகாரத்து முள் மாதிரி.

தம்பி கோவையில் இருக்கிறான். போன வருடம் தாய்லாந்து, அங்கே விசா வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்களாம். இந்த வருடம் பாலி. கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டான். "அம்மாவ நீ பாத்துக்கிடுதேங்கிற தைரியத்துலதான்ணே நாங்க நிம்மதியா போயிட்டு வாரோம்." மனதாரச் சொன்னான். அதுதான் பிரச்சினை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அம்மா செலவுக்கு மாதம் 5ஆம் தேதி அவன் பணம் அனுப்புவான், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் நல்லா வந்ததை மட்டும் பிரிண்ட் போடுகிறவன் ஆகிவிடுவேன்.

அந்தப் படம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அம்மாவுக்கு இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். லெம்புயாங் கோயில் வாசல். இரண்டாகப் பிளந்த மாதிரி ஓங்கிய கல் கோபுரம், நடுவே தூரத்தில் அகுங் எரிமலை. தம்பியும் கொழுந்தியாளும் கைகோத்து நிற்கிறார்கள். காலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஏரி. அதில் கோபுரம், மலை, மேகம், தம்பியின் வெள்ளைச் சட்டை எல்லாம் தலைகீழாக. அடியில் கைகூப்பின பொம்மையும் "பிளெஸ்ட்" என்ற சொல்லும். நான் இட்லிக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது உள்ளே என்ன நடந்தது என்பதைப் பொறாமை என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியவில்லை. நமக்குக் கிடைக்கவில்லையே என்ற எரிச்சல் மேலே மிதக்கும். அதை விலக்கினால் கீழே இன்னொன்று. ஏற்காடு வரையாவது ஒருதரம் போக வேண்டும் என்று தோன்றும்போதே, எப்போது என்ற கேள்வி கூடவே வரும். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை "எய்யா" என்று கூப்பிடுகிறது. ஊட்டியை ஆசைப்படுவதே பாவமாகிப் போகிற கணக்கு இது. தம்பிக்கு இந்தக் கணக்கு கிடையாது. அவன் போட்டோவில் என்னைச் சுட்டது பாலி இல்லை. நினைத்தவுடன் பெட்டி கட்ட முடிகிற அந்த மனசு.

அம்மா போனைப் பார்த்துக் கையை நீட்டினாள். காட்டினேன். கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எந்த ஸ்டுடியோல எடுத்தது?"

"ஸ்டுடியோ இல்லம்மா. நெசமான எடம். பாலி."

"சீல நல்லா வரைஞ்சிருக்கான்" என்றாள். சுவரில் இருந்த அன்னங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நம்மதுல ஆணி தெரியும்."

அதற்குப் பிறகு நான் செய்த வைத்தியங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் தம்பியின் ஸ்டேட்டஸை மியூட் செய்தேன். வாட்ஸ்அப் அதை அழித்துவிடாது, கீழே ஒரு ஓரத்தில் ஒதுக்கி வைக்கும். ஒதுக்கி வைத்த இடத்துக்குப் போய்த் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று நீல டிக்கை அணைத்தேன். அணைத்தால் என் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பது எனக்கும் தெரியாது. அது ஒரு தண்டனை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அடுத்தது தொழில் வைத்தியம். படத்தைப் பெரிதாக்கிக் குறை கண்டுபிடிப்பது. மேகத்தில் வெள்ளை வெடித்திருக்கிறது. சட்டையில் நீலம் ஏறியிருக்கிறது. "நானா இருந்தா மஞ்சள் ஒண்ணு கூட்டியிருப்பேன்" என்று ராத்திரி பன்னிரண்டரை மணிக்குச் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரி, "பாக்காதீய. அம்புட்டுதான்" என்றாள். அவள் பார்ப்பதே இல்லை. ஊட்டி கேட்பதை நிறுத்திய வருடமே இதையும் சேர்த்து நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. என்னைவிட முப்பது வருடம் சீனியர்.

அவள்தான் ஒரு சனிக்கிழமை, "நான் பாத்துக்கிடுதேன், குத்தாலத்துக்காவது ஒரு எட்டு போய்ட்டு வாங்க" என்று துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் பையில் போட்டு அனுப்பினாள். பஸ் ஏறித் தென்காசி வழியாகப் போய் இறங்கினால் மெயின் அருவியில் தண்ணீர் பாறையைப் பெயர்த்துக்கொண்டு கொட்டுகிறது, குளிக்கத் தடை. ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் கயிறு கட்டியிருந்தார்கள். நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வரும் வழியில் அருவிக்கு முன்னால் ஒரு செல்பி எடுத்தேன். போலீஸ்காரர் விழாதபடி வெட்டினேன்.

மேல்நாட்டுக்காரர்களும் இதில் சும்மா இருக்கவில்லை. 2013இல் ஜெர்மனியில், பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகமும் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பேஸ்புக் பார்க்கிற 600 பேரை விசாரித்திருக்கிறார்கள். மூன்றில் ஒருவர் பார்த்து முடித்ததும் முன்னைவிட நொந்துபோனார். பொறாமை மூண்ட சம்பவங்களில் பாதிக்கு மேல் விடுமுறைப் படங்களால். சும்மா பார்த்துக்கொண்டே இருந்து தானொன்றும் எழுதாதவர்களுக்குத்தான் வலி அதிகமாம். வலித்தவர் என்ன செய்வார்? தானும் பகட்டாக ஒன்று போடுவார். அதைப் பார்த்து அடுத்தவருக்கு வலிக்கும். சுழல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஜெர்மனியிலும் வயிறு இருக்கிறது. ஆனால் ஆறுதலைவிட யோசனைதான் முன்னால் வந்தது. நாமும் ஒன்று போட்டால் என்ன?

போட்டேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, வீட்டுக்காரியை எடுக்கச் சொன்னேன். நாலு தடவை எடுக்க வைத்தேன். கமோடு நாற்காலி ஓரத்தில் விழுந்தது, வெட்டினேன். மருந்து டப்பாவையும் டயப்பர் கட்டையும் எடுக்கு முன்பே கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. அரை மணி நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து பள்ளித் தோழன்: "கொடுத்து வச்சவம்ல நீ. எங்கம்மா போனப்ப எனக்கு டிக்கெட் கெடைக்கல." மேலும் பதினேழு பேர். இரண்டு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு அம்மா விரிப்பை நனைத்து, மாற்றுகிற கையைக் கடித்தபோது ஷார்ஜாக்காரன் ஞாபகம் வந்தது. அவனுக்கு ஒரு இதயப் பொம்மையோடு நிறுத்தியிருந்தேன். நான் தள்ளிவைத்த டயப்பர் கட்டு அவனுக்குத் தெரியாது. கவுண்டரில் நின்று வாயால் சொல்கிற பழக்கமும் எனக்கு விட்டுப்போயிருந்தது.

மறுநாள் தம்பிக்கு போன் போட்டேன். ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"முழு ரோலையும் அனுப்புல."

"ரோலா?"

"எடுத்த எல்லாத்தையும். ஒண்ணு விடாம."

"பாதி வெட்டிப் படம்ணே. தூக்கிப் போடணும்."

"அந்த வெட்டிப் படந்தாம்ல வேணும்."

என்ன நினைத்தானோ, சாயங்காலம் கொழுந்தியாள் ஒரு லிங்க் அனுப்பினாள். "எல்லாம் இதுல இருக்கு அத்தான்." மொத்தம் 1,143. பழைய கணக்கில் 32 ரோல். கடையை அடைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஆபரேட்டர் மறுபடி வேலைக்கு வந்தாயிற்று.

கோவை ஏர்போர்ட், பவுடர் கலையாமல். நடுவழி ஏர்போர்ட்டில் பிள்ளைகள் இருவரும் ஒரு சார்ஜருக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஓட்டல் அறையில் குட்டிக் குக்கர், பக்கத்தில் புளிக்காய்ச்சல் பாட்டில். தம்பி ஒரு படிக்கட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 200இல் சிரித்த கொழுந்தியாள் 260இல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், இடையில் பாட்டிக் சேலைக் கடை. எதுவும் மாறவில்லை. பிறகு லெம்புயாங். டோக்கன் சீட்டு, வரிசை, வரிசை, வெயிலில் மறுபடி வரிசை. வாசல் படம் மட்டும் 31. தம்பி வழுக்கை மறையத் தலையை எப்படித் திருப்புவது என்று அதில் பாதி. பிறகு பக்கவாட்டிலிருந்து மூத்த பையன் எடுத்த ஒன்று வந்தது. அதில் தம்பியும் கொழுந்தியாளும் காய்ந்த கல் தரையில் நிற்கிறார்கள். ஏரி இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிரே ஒரு உள்ளூர் ஆள் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்கள் போனையே வாங்கி, லென்ஸுக்கு அடியில் ஒரு துண்டுக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறான். ஏரி அந்தக் கண்ணாடி.

எழுந்து நின்று கைதட்டினேன். ஸ்டுடியோதான்! அம்மா சொன்னதுதான் சரி. சீலைக்குப் பதில் சில்லு.

அதோடு மூடியிருக்கலாம். கேலரி மொத்தமும் ஏறிவிட்டது போல, நடுவே ஒரு குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட். பயணக் கடன், 18 தவணை, முதல் தவணை அடுத்த மாதம் 5ஆம் தேதி. அதைப் படித்ததும் எனக்குள் முதலில் ஓடியது தம்பி மேல் இரக்கம் என்று எழுத ஆசைதான். இல்லை. சுகர்க்காரன் யாருக்கும் தெரியாமல் அல்வாவை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு இனிப்பு, தொண்டை வரைக்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் 5ஆம் தேதி என்பது உறைத்தது.

1,090 வாக்கில் திரும்புகிற பயணம். ஏதோ ஒரு ஏர்போர்ட்டில் நாற்காலி கிடைக்காமல் தரையில், பையைத் தலைக்கு வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தம்பி தூங்குகிறான். செருப்பு ஒன்று கழன்று கிடக்கிறது. பையன் விளையாட்டுக்கு எடுத்திருப்பான். போகஸ்கூட முகத்தில் இல்லை, செருப்பில். லேபில் இருந்திருந்தால் யோசிக்காமல் கழித்திருப்பேன்.

இரண்டை மட்டும் 4க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டேன், வாசல் படத்தையும் இதையும். காலையில் அம்மாவிடம் கொண்டுபோனேன். வாசலைப் பார்த்தாள். "அதே ஸ்டுடியோ" என்று கீழே வைத்துவிட்டாள். மற்றதைக் கையில் வாங்கியவள் விடவில்லை. விரலால் தடவினாள்.

"சின்னவன்லா?"

"ஆமாம்மா."

"பாய் இல்லாம படுத்துக் கெடக்கான். சாப்ட்டானா?"

"சாப்ட்டிருப்பான்."

"பனி எறங்குது எய்யா. போத்தி விடு."

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். வீட்டுக்காரி கொடியிலிருந்து துண்டு ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள். குற்றாலத்துக்குக் கொண்டுபோய் நனையாமல் திரும்பிய துண்டு. படத்தை அம்மாவின் பக்கத்தில் வைத்து, துண்டை இழுத்துக் கழுத்துவரை போர்த்தினேன். வாய் பிளந்தபடியேதான் இருந்தது.